பெட்சபே ‘முடியாது’ என்று சொன்ன டிசம்பர்

பெட்சபே தொமலாவின் வாயில் ‘முடியாது’ என்ற வார்த்தை முதன்முதலாக வந்தபோது அவளுக்கு முப்பத்தொரு வயது. அதுவரைக்கும் யார் எதைக் கேட்டாலும் “இதோ ஆச்சு” என்பாள். எங்கள் குவாயாகில் நகரத்தில் எல்லாரும் சொல்வதுதான் அது. குழாய் ரிப்பேர்க்காரன் சொல்வான், பல் டாக்டர் சொல்வார், கட்டிக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தவனும் சொல்வான். யாரும் அதை நம்பி உலை வைப்பதில்லை. ஆனால் பெட்சபே சொன்னால் செய்தும் தொலைப்பாள். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

அவள் படம் வரைகிறவள். காகிதமும் சாயமும் கிடையாது, டேப்லெட்டில் வரைவாள். அக்கா மார்ஜோரியின் பியூட்டி பார்லருக்கு மேலே ஒற்றை அறை, ஒரு மின்விசிறி, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். குழந்தைக்கு முதல் பிறந்தநாள் என்றால் படம், மீன் கடைக்குப் பெயர்ப் பலகை என்றால் படம், மாட்ரிட்டில் வேலை பார்க்கும் நர்ஸ் தன் அம்மாவை நினைத்து ஏங்கினால் அதற்கும் படம். வருஷம் முழுக்க இப்படி ஓடும். டிசம்பர் வந்தால்தான் ஊருக்கே பித்துப் பிடிக்கும்.

பழைய சட்டை, பேன்ட்டுக்குள் மரத்தூளை அடைத்து பொம்மை செய்வோம். பிடிக்காதவன் முகத்தை அதற்கு ஒட்டி வாசலில் உட்காரவைத்து, மார்பில் அட்டை மாட்டி, போகிறவர் வருகிறவர் எல்லாம் திட்டித் தீர்த்தபிறகு, வருஷக் கடைசியில் கொளுத்துவோம். ‘பழைய வருஷம்’ என்று அதற்குப் பெயர். கொடும்பாவிதான், ஆனால் பாதி கேலி, பாதி கோபம். மந்திரி எரிவார், மேனேஜர் எரிவார், வாடகை பாக்கிக்குக் கதவைத் தட்டுகிறவர் எரிவார். ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த ஆளாக இருந்தால்தான் எரிப்பார்கள் என்பதால் சிலருக்கு அதில் உள்ளூரப் பெருமையும் உண்டு.

இரண்டு வருஷத்துக்கு முன் இறால் உரிக்கும் ஆலையில் வேலை செய்த பெண்கள் சிலர் தங்கள் சூப்பர்வைசர் முகத்தை பெட்சபேயிடம் வரையக் கேட்டார்கள். வரைந்தாள். அவன் மாதிரியே இருந்தது என்று மட்டும் சொன்னால் போதாது. அவன் பெண்களைப் பார்க்கிற பார்வை, பெரிய முதலாளி வந்தால் குழைகிற உதடு, எல்லாம் அந்த முகத்தில் இருந்தது. அந்தப் படம் ஊரிலுள்ள போன்களில் எல்லாம் சுற்றி வந்தது. அதோடு தொலைந்தது அவள் நிம்மதி. கொடும்பாவி எரிந்தால் பெட்சபே வரைந்த முகத்தோடுதான் எரியணும் என்று ஆகிவிட்டது.

மார்ஜோரி கீழே வாடிக்கையாளர் தலையில் சாயம் தடவிக்கொண்டே ஆர்டர் பிடிப்பாள். “உங்க மச்சான் முகமா? போட்டோ அனுப்பிடுங்க. தங்கச்சி ஒரு நொடியில போட்டுடுவா” என்பாள். அப்புறம் படிக்கட்டை நோக்கிக் கத்துவாள்.

“பெட்சி! இன்னும் ரெண்டு முகம்டீ!”

“இதோ ஆச்சுக்கா!”

இந்த டிசம்பரில் அது ரெண்டு, நாலு என்று நிற்கவில்லை. காலையில் வெங்காயம் மிதக்கும் மீன் சாற்றை ஒரு கையால் குடித்துக்கொண்டு மறு கையால் வரைந்தாள். ஒரு முகம் பாதியில் இருக்கும்போதே இன்னொரு ஆர்டர் வந்து விழும். கண்ணை மூடினாலும் ஊரான் வீட்டு மூக்குகள் வரிசையாகத் தெரிந்தன. கட்டை விரல் மரத்துப்போனது. “விரல்தானே, சுடுதண்ணியில வை” என்றாள் அக்கா. அவளைச் சொல்லியும் குற்றமில்லை. ‘இல்லை’ என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் பழகவில்லை.

ஒருநாள் மதியம் பார்லர் நிறைய ஆள் இருக்கும்போது அசுசேனா என்ற பெண் உள்ளே வந்தாள். வணக்கம்கூட இல்லை. போனை நீட்டினாள்.

“இது எங்கப்பாவா? சொல்லுங்க. இதுவா எங்கப்பா?”

அசுசேனாவின் அப்பா எலியோதோரோ பஸ் டிரைவர். அந்த ஜூலையில்தான் தவறிப்போனார். அவர் இல்லாத முதல் வருஷக் கடைசிச் சாப்பாட்டு மேஜையில் வைக்க அவர் முகத்தைக் கேட்டிருந்தாள். அவளுக்கு வந்து சேர்ந்ததோ தேரை மாதிரி உப்பிய கன்னத்தோடு, பல்லிடுக்கில் டாலர் நோட்டைக் கவ்விக்கொண்டிருந்த ஒரு கால்பந்து கிளப்பின் பொருளாளர் முகம். மார்ஜோரியின் கையிலிருந்த சாய பிரஷ் அப்படியே நின்றது.

“அப்ப எங்கப்பா எங்க இருக்கார் தெரியுமா? குவாஸ்மோவுல பஞ்சர் கடை வாசல்ல உக்காந்திருக்கார். சித்தி பையன் பாத்துட்டு போட்டோ அனுப்பினான். மார்ல ‘திருட்டுப் பய’ன்னு அட்டை!”

மேலேயிருந்து இறங்கி வந்த பெட்சபே படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.  ஒரே சாயங்காலம் இரண்டையும் முடித்து, கண் சொருகுகிற நேரத்தில், ஆளை மாற்றி அனுப்பியிருக்கிறாள். எங்கள் ஊரைத் தவிர வேறு எங்கே இப்படி ஒரு தப்பு நடக்கும்? ஒரே மேஜையில் எரிப்பதற்கும் முகம் வரைகிறோம், கும்பிடுவதற்கும் முகம் வரைகிறோம்.

இரண்டு பேரும் பஸ் பிடித்து குவாஸ்மோ போனார்கள். பஞ்சர் கடைப் பையன்கள் நாலு பேர் டயர் மேல் உட்கார்ந்து வறுத்த வாழைக்காய் தின்றுகொண்டிருந்தார்கள். பக்கத்தில் நாற்காலியில் எலியோதோரோ. பஸ் கண்ணாடியில் பயணிகளைப் பார்த்துச் சிரிக்கிற அதே சிரிப்பு. கீழே திருட்டுப் பய அட்டை.

விஷயத்தைச் சொன்னதும் ஒருத்தன் தொப்பியைக் கழற்றினான். “நாங்களே பேசிக்கிட்டோம் அக்கா. நம்ம பொருளாளர் எப்படி இவ்வளவு நல்லவனா சிரிக்கிறான்னு. உதைக்கலாம்னு போனா காலே எழும்பல.”

“காலையில வந்தா நான் குட்மார்னிங்கே சொல்லிட்டேன்” என்றான் இன்னொருத்தன்.

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அசுசேனா பொம்மையிலிருந்து அப்பா முகத்தைத் தன் கையாலேயே உரித்தாள். பசை நன்றாகப் பிடித்திருந்தது. காது ஓரத்தில் சர்ரென்று கிழிந்தது. 

திரும்பி வருகையில் அசுசேனா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. மடியில் சுருட்டி வைத்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

“அப்பா காதுல ஒரு சின்ன வெட்டு இருக்கும். போட்டோவுல பாதி மறைஞ்சிருக்கு, அதைக்கூடப் பாத்து வரைஞ்சிருக்கீங்க. அவ்வளவு பாத்தவங்க, அனுப்பும்போது ஒரு தரம் பாக்கலியே.”

பெட்சபேக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில் வேறொன்று புகைந்தது. யார் மேல் கோபம் என்று யோசித்தாள். அக்கா மேலா, போன் மேலா, ஊர் மேலா? கடைசியில் அந்த ‘இதோ ஆச்சு’ மேல்தான் என்று தெரிந்தது.

எலியோதோரோவை மறுபடி புதிதாக வரைந்து, தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். திரும்பியதும் ஓர் அட்டையை எடுத்து ‘ஆர்டர் இல்லை. ஜனவரியில் வாருங்கள்’ என்று கொட்டை எழுத்தில் எழுதிப் படிக்கட்டுக் கம்பிக் கதவில் கட்டினாள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் அதையே போட்டாள். ஏற்கெனவே வாங்கியதை முடிப்பாள். ஒவ்வொன்றையும் நின்று நிதானமாகப் பார்த்து முடிப்பாள். புதிதாக ஒரு மூக்குகூடக் கிடையாது.

வாங்கிய ஆர்டர்காரர்கள் ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டாள். ஒரே கேள்விதான்.

“எரிக்கவா, வைக்கவா?”

பலரும் சட்டென்று சொன்னார்கள். புருஷன் முகத்தைக் கேட்டிருந்த ஒரு அம்மாள் மட்டும் ரொம்ப நேரம் யோசித்தாள். “கிறிஸ்துமஸ் முடியட்டும், சொல்றேன். என்ன வாங்கித் தரான்னு பாக்கணும்.”

அட்டையை ஊர் எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால் சிரிப்புதான் வரும். எல்லாரும் படித்தார்கள். எல்லாரும் நியாயம்தான் என்று தலையாட்டினார்கள். படித்து முடித்துவிட்டு, “அது ஊர் உலகத்துக்கு. எனக்குமா?” என்று மேலே ஏறி வந்தார்கள். கேக்கோடு வந்தார்கள். கைக்குழந்தையோடு வந்தார்கள். “முழு முகம் வேண்டாம்மா, கண்ணு ரெண்டு மட்டும்” என்று பேரம் பேசினார்கள்.

பெட்சபே எல்லாருக்கும் ஒரே பதில் சொன்னாள். “முடியாது.” முதல் தடவை சொன்னபோது குரல் உடைந்தது. அன்றைக்கு நாலாவது ஆளுக்குச் சொன்னபோது நன்றாகவே வந்தது.

“உனக்கு என்னடீ இவ்வளவு திமிரு?” என்று மார்ஜோரி மூச்சிரைக்க மேலே ஏறி வந்தாள். “சாவித்துளை வழியா காசு உள்ள வருது, நீ துணியை வெச்சு அடைக்கிற!”

“ஆமாக்கா, திமிருதான். இவ்வளவு நாள் இல்லாம போச்சேன்னு இருக்கு.”

“கீழ என் வாடிக்கைக்காரங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?”

“அந்த அசுசேனா மூஞ்சில நான் முழிச்சேன்ல, அப்படித்தான்.”

மார்ஜோரி இறங்கிப் போனாள். அன்று அவள் ஒரு ஆர்டரும் பிடிக்கவில்லை.

இனிமேல்தான் பெரிய தலை வருகிறது. தோன் வெலிங்டன் மிதே. ‘தோன்’ என்பது எங்கள் ஊரில் ‘ஐயா’ மாதிரி. பார்லரும் மேல் அறையும் இருக்கும் அந்த வீட்டின் சொந்தக்காரர், எங்கள் தெருக் கமிட்டித் தலைவர், பிளாஸ்டிக் நாற்காலியும் பந்தலும் வாடகைக்கு விடுகிறவர். செத்தாலும் பிறந்தாலும் அவர் நாற்காலியில்தான் உட்கார வேண்டும். சுற்றுவட்டாரத் தெருக்களுக்குள் வருஷா வருஷம் பழைய வருஷப் போட்டி நடக்கும். மூன்று வருஷமாகப் பக்கத்துத் தெருதான் ஜெயிக்கிறது. இந்த முறை அந்தத் தெருத் தலைவனையே பொம்மையாக்கிக் கொளுத்துவது என்று தீர்மானம். உடம்பு தயார், வயிற்றில் பட்டாசு தயார். முகம்தான் பாக்கி.

ஒரு சாயங்காலம் அவர் சுட்ட பன்றிக்கறி வைத்த ரொட்டியோடு மேலே வந்தார். உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தார்.

“மகளே, சாப்பிடு. எளைச்சுட்டே.”

“கீழ அட்டையப் பாத்தீங்களா தோன் வெலிங்டன்?”

“பாத்தேன், பாத்தேன். நல்ல கையெழுத்து.” போனை எடுத்தார். “இந்தா, அந்தக் கழுதை போட்டோ. காதைக் கொஞ்சம் பெருசாப் போடு.”

“முடியாது.”

அவர் சிரித்தார். கேலி என்று நினைத்துக்கொண்டார். அவள் சிரிக்கவில்லை என்றதும் சிரிப்பை மெதுவாக மடித்து உள்ளே வைத்தார்.

“தெரு மானம்மா இது. உன் ஆர்டர்ல எவனாவது ஒருத்தனைத் தள்ளி வை.”

“யாரை?”

“எவனையாவது. நம்ம தெருவுல இல்லாதவனா பாத்து.”

“ஆத்துக்கு அந்தப் பக்கம் தூரான் ஊர்ல ஒரு பெரியவர் இருக்கார். அவர் சம்சாரம் முகம். அக்டோபர்லயே கேட்டு வெச்சவர். அவரைத் தள்ளட்டுமா? நீங்களே போன் பண்ணிச் சொல்றீங்களா? நம்பர் தரேன்.”

“பேச்சு நல்லா வருது உனக்கு.” அவர் எழுந்தார். “இது என் வீடு, பெட்சபே. ஞாபகம் இருக்கட்டும். ஜனவரியில வேற எடம் பாத்துக்கற மாதிரி ஆயிடும்.”

அவளுக்கு அந்த ஜன்னல், அந்த வெளிச்சம், கீழே அக்காவின் குரல், எல்லாம் போய்விடும் என்றால் பயமாகத்தான் இருந்தது. ஆனால் இவருக்குக் கதவைத் திறந்தால் அட்டை வெறும் அட்டைதான். நாளைக்கே கேக்கும் கைக்குழந்தையும் மறுபடி படியேறும். மறுபடி யாரோ ஒரு எலியோதோரோ எங்கேயோ நாற்காலியில் உட்காருவார்.

“பாத்துக்கறேன்” என்றாள். “ரொட்டியை எடுத்துட்டுப் போங்க. ஆறிடும்.”

அதற்குப் பிறகு தெரு அவளிடம் முறுக்கிக்கொண்டது. மூலைக் கடைக்காரர் முட்டை இல்லை என்றார், பின்னால் முட்டை அடுக்கி இருந்தது. எதிர்வீட்டு அம்மாள் ஜன்னலைச் சத்தமாகச் சாத்தினாள். ஒரு முகம்தானே, என்ன குறைந்துவிடும் என்று காதில் விழுகிற மாதிரி பேசினார்கள். பெட்சபே அதே ஜன்னலில், அதே தெருவைப் பார்த்து, வாங்கிய முகங்களை ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டிருந்தாள்.

கிறிஸ்துமஸ் கழிந்த மறுநாள் காலை மார்ஜோரி ஓடி வந்தாள். “வெளிய வராதே” என்றாள். அப்படிச் சொன்னால் யார்தான் உள்ளே இருப்பார்கள்?

பந்தலுக்கு அடியில் தெருப் பொம்மை உட்கார்ந்திருந்தது. பக்கத்துத் தெருத் தலைவனுக்காகச் செய்த உடம்புக்குப் பாவாடை கட்டியிருந்தார்கள். கையில் அட்டையால் செய்த டேப்லெட். மார்பில் ‘முடியாது’ என்று எழுதிய பலகை. முகம்? தோன் வெலிங்டனின் மருமகன் போனில் ஏதோ செயலியில் அவள் போட்டோவைக் கொடுத்து எடுத்தது. மேலே பளபளவென்று ஒட்டியிருந்தது.

பெட்சபே உள்ளே போய், துணி துவைக்கும் தொட்டிப் பக்கம் நின்று அழுதாள். தான் பிறந்த தெருவே தன்னைக் கொளுத்தப் பட்டாசு அடைத்து வைத்திருக்கிறது என்றால் யாருக்குத்தான் அழுகை வராது? மூக்கைச் சிந்திக்கொண்டு மறுபடி ஜன்னலுக்கு வந்து பார்த்தாள். இந்தத் தடவை வரைகிறவளின் கண்ணால் பார்த்தாள்.

“அக்கா, இங்க வா. என் மூக்கு எங்க?”

மார்ஜோரி எட்டிப் பார்த்தாள். தொமலா குடும்பத்து மூக்கை மீன் வலையில்கூட மறைக்க முடியாது. அகலமான, கடற்கரை மூக்கு. பொம்மையில் அந்த இடத்தில் பென்சில் மாதிரி ஒன்று நின்றது. கன்னத்து மச்சம் காணோம். தோலைப் பால் விட்டுக் கழுவியிருந்தார்கள். கண் பச்சை.

“இது யாருடீ? சோப்பு விளம்பரத்துல வர்றவளா?”

“எரிக்கணும்னா என்னை எரிக்கட்டும்” என்றாள் பெட்சபே. அழுகை போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்திருந்தது. “யாரோ ஒருத்தியை ஏன் எரிக்கறானுங்க?”

மார்ஜோரி நேராகக் கீழே போனாள். பார்லரில் தலையில் பாதி சாயத்தோடு உட்கார்ந்திருந்த தோன் வெலிங்டனின் மனைவியிடம் சொன்னது தெருமுனை வரை கேட்டது.

“உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க. தங்கச்சி ஜனவரியில போனா நானும் கடையைத் தூக்கிட்டுப் போறேன். மீதி சாயத்தை அவரையே போட்டு விடச் சொல்லுங்க.”

வருஷத்தின் கடைசி நாள் பிற்பகல் நடுவர்கள் வந்தார்கள். ஒரு ரேடியோ அறிவிப்பாளர், ஒரு பள்ளிக்கூட டீச்சர், ஓய்வுபெற்ற ஒரு தீயணைப்புக்காரர். தெரு முழுக்கக் கூட்டம். எரியப்போகிற பழைய வருஷத்துக்கு விதவை வேஷம் கட்டிய ஆண்கள் வாசலில் மார்பில் அடித்துக்கொண்டு சில்லறை கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்பீக்கர் அலறியது. பெட்சபே ஜன்னலில் நின்றாள். ஒளிய மாட்டேன் என்று காலையிலேயே முடிவு செய்திருந்தாள்.

டீச்சர் பொம்மையைச் சுற்றிச் சுற்றி வந்தார். “நல்லாத்தான் இருக்கு. யாரு இது?”

“பெட்சபே!” என்றது தெரு.

“எந்தப் பெட்சபே?”

எல்லாக் கைகளும் ஜன்னலைக் காட்டின. மூன்று நடுவர்களும் நிமிர்ந்து பெட்சபேயைப் பார்த்தார்கள். பொம்மையைப் பார்த்தார்கள். மறுபடி பெட்சபேயைப் பார்த்தார்கள். அவள் அவர்களுக்கு வசதியாக முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி மூக்கைக் காட்டினாள்.

“நான் ஏதோ டிவி நடிகைன்னு நெனச்சேன்” என்றார் தீயணைப்புக்காரர். “முகத்துக்குத்தானே பாதி மார்க்கு? ஆள் யாருன்னே தெரியலயே ஐயா.”

கூட்டத்தில் முதலில் ஒரு விதவை சிரித்தான். பிறகு எதிர்வீட்டு அம்மாள். தோன் வெலிங்டனுக்கு வேர்த்துக் கொட்டியது. ரேடியோக்காரரின் காதில் ஏதோ சொல்லி மார்க்கு போடுவதை நிறுத்திவைத்துவிட்டு ஜன்னலுக்கு அடியில் ஓடி வந்தார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார், ஆனால் எங்கள் தெருவில் தாழ்ந்த குரல் என்று ஒன்று கிடையாது.

“மகளே, பத்து நிமிஷம். அவங்க அந்த முனைக்குப் போயிட்டுத் திரும்பி வருவாங்க. அந்த மூக்கை மட்டும் சரி பண்ணிக் கொடுத்துடு. உன் மூக்குதானேம்மா! நீ பாக்காத மூக்கா?”

“என் மூக்குதான்.”

“வீட்டு விஷயத்தையெல்லாம் மறந்துடு. நான் சும்மா கோவத்துல சொன்னது. நீ இங்கயே இரு. எத்தனை வருஷம் வேணும்னாலும் இரு.”

ஸ்பீக்கரை யாரோ நிறுத்திவிட்டார்கள். விதவைகள்கூட ஒப்பாரியை நிறுத்தினார்கள். மார்ஜோரி பார்லர் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒரு மூக்கு வரைந்தால் வீடு நிலைக்கும், தெரு மறுபடி சிரித்துப் பேசும், முட்டை கிடைக்கும். பெட்சபேக்கு அது தெரியாமல் இல்லை. வரைந்து கொடுக்க அவளுக்கு ஆசைகூட வந்தது. அத்தனை மோசமான மூக்கைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது கைக்கு வேதனையாகத்தான் இருந்தது.

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். தெருவில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“முடியாது தோன் வெலிங்டன். எனக்கே நான் வரிசையில முன்னால இடம் தரமாட்டேன். என் மூக்கு வேணும்னா ஜனவரியில வாங்க, எழுதிக்கறேன். அப்ப நான் எந்த வீட்டுல இருக்கேனோ, விசாரிச்சுக்கிட்டு அங்க வாங்க.”

பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே திரும்பினாள். பின்னால் தெருவே கைதட்டியதா, திட்டியதா என்று இன்றைக்கும் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். இரண்டும்தான் நடந்தது. அவள் கவனிக்கவில்லை. மேஜையில் இன்னும் மூன்று முகங்கள் பாக்கி இருந்தன. அவர்கள் முன்னாலேயே வந்தவர்கள்.